முப்பத்தொரு நாள் சுகவீனம்

மன்னார்
2003 ஒக்ரோபர் 14

அன்பின் ஜொய்சி அக்காவுக்கு,

கனடாவிலிருந்து வந்து சேர்ந்து ஐந்து கிழமையாகிறது, ஒரு வரி போடவில்லை என்று கோபித்திருப்பீர்கள். டினோஜன் தனியாக நடக்கத் தொடங்கிவிட்டானா? நான் வெளிக்கிடும்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி வைத்தவன்.

ரெலிபோனிலேயே கதைத்திருக்கலாம். ஆனால் இங்கே கடையில் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று கதைத்தால் வெளியே வாங்குப் பலகையில் இருக்கிற அவ்வளவு பேருக்கும் கேட்கும். இது அப்படிக் கதைக்கிற விசயம் இல்லை.

ஆய்வுகூடத்து மதாம் ஜினெத் அனுப்பிய பயிற்சி அறிக்கை பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டது. கம்பசில் கூப்பிட்டுக் காட்டினார்கள். ‘நல்ல கை, கவனமான பிள்ளை, மண்ணைத் தொடத் தெரிந்தவள்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறா. அதற்குக் கீழே வரவுப் பதிவு. இருபத்தாறு கிழமையில் முப்பத்தொரு நாள் நான் போகவில்லை. அது உண்மை. அந்த முப்பத்தொரு நாளுக்கும் எதிரே M என்று ஒரு எழுத்து. ஆய்வுகூடச் சுவரில் தொங்கிய அட்டையிலும் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறேன். வராத நாளுக்குப் போடுகிற குறி என்று நினைத்திருந்தேன். அது ‘மலாடி’யாம். சுகவீனம். அறிக்கையின் கடைசியில், ஒவ்வொரு முறையும் குடும்பத்தவர் ஒருவர் காலையில் தொலைபேசியில் அறிவித்தார் என்றும், மருத்துவச் சான்றிதழ் ஒன்றும் தரப்படவில்லை என்றும், பிள்ளையின் உடல்நிலை பற்றித் தங்களுக்குக் கவலையாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு நாளும் சுகவீனம் வரவில்லை, அக்கா. தும்மல் தடிமன்கூட இல்லை.

காலையில் எடுத்தது நீங்கள். எனக்குப் பிரெஞ்சு வராது என்று என் சார்பில் நீங்கள்தான் கதைத்தீர்கள். நான் டினோஜனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் நிற்பேன். பிள்ளைக்குச் சுகமில்லை, பார்க்க ஆள் இல்லை என்று சொல்கிறீர்கள் என்றே நினைத்தேன். மதாம் மாறி விளங்கிக்கொண்டாவோ தெரியாது.

இப்போது கம்பசில் கேட்பது இதுதான்: ஒன்றில் மருத்துவச் சான்றிதழ், இல்லையென்றால் ஏன் போகவில்லை என்பதற்கு வீட்டாரின் கடிதம். நான்கு வரி போதும். என் மகனைப் பார்க்க ஆள் இல்லாததால் தங்கச்சி வீட்டில் நின்றாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். சபை ஜனவரி ஒன்பதாம் திகதி கூடுகிறது. அதற்கு முதல் வராவிட்டால் பயிற்சியை ஏற்க மாட்டார்கள். பயிற்சி இல்லாமல் பட்டம் இல்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள். டினோஜனுக்கு முத்தங்கள்.

றொஷினி


லவால்
2003 நவம்பர் 9

என் அன்புத் தங்கச்சி றொஷினிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, இப்போது வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில், அரை மணித்தியால இடைவேளைக்குள் எழுதுகிறேன். ஒரு கண் மணிக்கூட்டில், மற்றக் கண் ரெலிபோனில். டினோஜனை இப்போது எங்கள் கட்டடத்தில் கீழ்மாடிப் புஷ்பராணி அக்கா பார்க்கிறா. நல்ல மனுசிதான். ஆனால் தன் வீட்டு வேலையும் செய்துகொண்டுதானே பார்க்கிறா. முந்தாநாள் இருமினான். நெஞ்சில் காது வைத்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சத்தம் உனக்குத்தான் தெரியும். இவருக்குச் சொன்னால், ‘எல்லாப் பிள்ளையளும் இருமுங்கள்’ என்பார்.

நடக்கிறான். விடிய எழும்பினால் முதலில் உன் கட்டில் இருந்த மூலைக்குத்தான் போகிறான். அங்கே இப்போது துணி காயப்போடுகிற ஸ்ராண்ட் நிற்கிறது. அதைப் பிடித்து ஆட்டிவிட்டுத் திரும்பி வருவான்.

நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். மதாம் மாறி விளங்கவில்லை. நான்தான் அப்படிச் சொன்னேன். முதல் நாள் பதற்றத்தில் வாயில் வந்தது அதுதான். ‘எல் எ மலாட்’, அவளுக்குச் சுகமில்லை. பிரெஞ்சு வகுப்பில் முதல் மாதமே படிப்பிக்கிற வசனம். பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொன்னால், ‘தாய் எங்கே போய்விட்டாள்’ என்று அவ கேட்பா இல்லையா? அதற்கு என்ன சொல்கிறது? முதல் நாள் அப்படிச் சொன்னபடியால் இரண்டாம் நாளும் அதையே சொல்ல வேண்டி வந்தது. பிறகு அதுவே பழகிவிட்டது.

உனக்கு இது அழித்து எழுதக்கூடிய விசயமாகத் தெரியும். உன் அத்தானின் கேஸ் நடந்த காலத்தில் நீ இங்கே இல்லை. அகதி விசாரணைக்குக் கொடுத்த போமில் மே மாதம் ஊரை விட்டு வெளிக்கிட்டதாக எழுதியிருந்தார். நேரில் கேட்டபோது ஜூன் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு மாதத்துக்காக இரண்டு வருடம் அலைந்தார், றொஷினி. பொய் சொன்னார் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாற்றிச் சொன்னார் என்றுதான் எழுதினார்கள். அன்றையிலிருந்து இந்த வீட்டில் ஒரே சட்டம்தான். உன் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவர் சொன்னதும் அதுதான்: “முதல் என்ன சொன்னமோ அதுதான் கடைசிமட்டும். உண்மையெண்டாலும் மாத்தப்படாது.”

அம்மாவை, உன் பெரியம்மாவை, இங்கே கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்கு இப்போதுதான் இலக்கம் வந்திருக்கிறது. உன்னை அழைத்த கடிதத்திலும் எங்கள் கையெழுத்துத்தான். ஆய்வுகூடப் பயிற்சிக்கு என்று கூப்பிட்டுப் பிள்ளை பார்க்க வைத்தோம் என்று நாங்களே எழுதிக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்குமோ தெரியாது. பயமாக இருக்கிறது.

வேறு வழி பார்க்கிறேன். பார்சல் ஒன்று போட்டிருக்கிறேன். உனக்கு ஒரு கைப்பை, சித்திக்கு விற்றமின்.

மணி அடிக்கிறது. போகிறேன்.

அக்கா ஜொய்சி


மன்னார்
2003 நவம்பர் 27

ஜொய்சி அக்காவுக்கு,

கைப்பை வந்தது. நல்ல பை. அதற்குள் நான்கு வரிக் கடிதம் இருக்குமோ என்று ஒவ்வொரு அறையாகக் கைவிட்டுப் பார்த்தேன்.

நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ‘முதல் நாள் பதற்றத்தில்’ என்றிருக்கிறீர்கள். முதல் நாள் எனக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முதல் நடந்ததும் நினைவிருக்கிறது.

மதாமின் ஆட்கள் சென்ட்-ஆனிலேயே எனக்கு அறை ஒழுங்கு செய்திருந்தார்கள். ஆய்வுகூடத்துக்குப் பத்து நிமிட நடை. விமான நிலையத்திலிருந்து வரும்போதே காருக்குள் வைத்து அத்தான் சொல்லிவிட்டார், “நாங்கள் இருக்கேக்க நீ ஹொஸ்ரலில நிண்டா சனம் எங்களை என்னெண்டு கதைக்கும்?” என்று. நீங்கள் முன்சீற்றிலிருந்து திரும்பி என் கையைப் பிடித்தீர்கள். எனக்கும் அப்போது சந்தோசமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகுதான் தெரிந்தது, லவாலிலிருந்து ஒரு பஸ், மெட்றோ, அதற்குப் பிறகு தீவின் மேற்கு நுனிவரைக்கும் இன்னொரு பஸ். போக இரண்டே கால் மணித்தியாலம், வர இரண்டே கால்.

மூன்றாம் கிழமை டினோஜனுக்கு ஞானஸ்நானம். என்னை ஞானத்தாயாக நிற்கச் சொன்னீர்கள். இருபத்துமூன்று வயதில் அது எனக்குப் பெரிய மரியாதை. சுவாமி தண்ணீர் ஊற்றும்போது அவனை ஏந்திப் பிடித்தது என் கை. அன்றையிலிருந்து நான் அவனுக்குத் தொட்டம்மா. அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, நான் வெளிக்கிடச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, “இண்டைக்குத் தொட்டம்மாவோட நிக்கப்போறியோ?” என்று கேட்டீர்கள். கேட்டது அவனை. என்னை இல்லை.

முப்பத்தொரு தரமும் அப்படித்தான். ஞானத்தாய் எப்படி ‘மாட்டேன்’ என்பது? நீங்கள் என்னைச் சித்தியாக மட்டும் விட்டிருந்தால் ஒரு நாளாவது வாய் திறந்திருப்பேன்.

நான் அங்கே என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். உப்பு ஏறிய மண்ணைக் குழாய்க்குள் அடைத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, வடிகிற நீரில் எவ்வளவு உப்பு என்று பத்து நாள் விடாமல் அளக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து. நான்கு தரம் தொடங்கினேன். ஒரு தரம் ஆறாம் நாள், ஒரு தரம் ஒன்பதாம் நாள், நான்கு தரமும் ஒரு M வந்து விழுந்தது. எங்கள் கடலோர வயல்களுக்கு அந்த முறையைக் கொண்டுவரத்தான் நான் வந்தேன். ஒரு தரமும் பத்தாம் நாளைப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

பெறாமகனைத் தூக்கி வைத்திருந்ததை எந்த அரசாங்கமும் களவு வேலை என்று எழுதாது. அத்தானிடம் சொல்லுங்கள்.

இன்னொரு செய்தி. றோசா மாமியின் மகன் ஸ்ரனிஸ்லாஸ், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர், அவருக்கு என்னைக் கேட்டு வந்திருக்கிறார்கள். எனக்கும் விருப்பம். தவக்காலத்துக்கு முதல் முடித்துவிட வேண்டும் என்று அப்பா நிற்கிறார். பட்டமும் சேர்ந்து வந்தால் நல்லது என்று மாமி சொன்னாவாம். ஆகவே நான்கு வரி, அக்கா. ஜனவரி ஒன்பதுக்கு முதல்.

றொஷினி


லவால்
2003 டிசம்பர் 18

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் நல்ல செய்திக்கு என் வாழ்த்து. ஸ்ரனிஸ்லாசைச் சின்னப் பெடியனாகக் கண்டிருக்கிறேன், கோயிலில் பூசைக்கு உதவிக்கொண்டு நிற்பான். நல்ல குடும்பம்.

நீ எழுதினதை எல்லாம் வாசித்தேன். ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை. ஆனால் நீயும் ஒரு நாளும் ‘அக்கா, இண்டைக்கு ஏலாது’ என்று சொல்லவில்லையே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பாய். நான் பஸ்சுக்கு ஓடுகிற நேரத்தில் உன் முகத்தை வாசிக்க எனக்கு எங்கே நேரம்?

சரி, அதை விடு. உன் அலுவலை முடித்துவிட்டேன். உனக்கு அனுப்பி, நீ கொண்டுபோய்க் கொடுத்து, தபால் பிந்தினால் என்ன செய்கிறது என்று நேரே பேராதனைக்கே பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். பிரதி இதற்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் நல்ல மரியாதையாக எழுதியிருக்கிறேன், பார். குளிர் ஒத்துக்கொள்ளாமல் உனக்கு நரம்புத் தளர்ச்சியும் களைப்புமாக இருந்தது என்றும், விட்டு விட்டு முப்பத்தொரு நாள் படுக்கையில் இருந்தாய் என்றும், வீட்டிலேயே வைத்து எங்கள் முறைப்படி கை மருந்து செய்ததால் டொக்டரிடம் போகவில்லை, ஆகவே சான்றிதழ் இல்லை என்றும். மதாமின் அறிக்கையோடு ஒரு இடத்திலும் இடிக்காது. இவரும் வாசித்துப் பார்த்துவிட்டு, ‘இது நிக்கும்’ என்றார்.

அம்மாவுக்கும் ரெலிபோனில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆரும் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும் இல்லையா? “றொஷினி இஞ்ச வருத்தமாய்ப் படுத்தவள் எண்டு மட்டும் சொல்லுங்கோ, வேறொண்டும் கூட்டிக் குறைச்சுச் சொல்லவேண்டாம்” என்றேன். அம்மா ‘ஓம் பிள்ளை’ என்றா.

இனி நீ யோசிக்காதே. கல்யாண வேலையைப் பார். டினோஜன் உன் படத்தைக் காட்டினால் ‘தொத்தம்மா’ என்கிறான்.

நத்தார் வாழ்த்துகள்.

ஜொய்சி


மன்னார்
2004 பெப்ரவரி 11

அக்கா,

பேராதனைச் சபை உங்கள் கடிதத்தை ஏற்றுக்கொண்டது. நன்றாக ஏற்றுக்கொண்டது. ஐந்து கிழமை நரம்பு வருத்தத்தில் படுத்தவள் பயிற்சியை முடித்ததாகக் கொள்ள முடியாது, உடம்பு தேறியதும் ஆறு மாதம் திருப்பிச் செய்யட்டும் என்று தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். ‘விரைவில் நலம் பெற வாழ்த்துகிறோம்’ என்று கடைசி வரி.

அதைப் பற்றி எழுத நான் பேனையை எடுக்கவில்லை.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முதல் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். ஜனவரி இருபத்தைந்தாம் திகதி முதலாம் ஓலை. செபஸ்தியாம்பிள்ளையின் மகள் றொஷினி என்று சுவாமி வாசித்தபோது அப்பா தொண்டையைச் செருமினார். தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து அறிவிக்கட்டும் என்று வழக்கம்போல முடித்தார். பெப்ரவரி முதலாம் திகதி இரண்டாம் ஓலை. மூன்றாவது போன ஞாயிறு.

அதற்கு முதல் புதன்கிழமை றோசா மாமி உங்கள் அம்மாவிடம் போயிருக்கிறா. சண்டைக்கு இல்லை, சேலை நிறம் கேட்கத்தான். கதையோடு கதையாக, “பிள்ளை கனடாவில இருந்தவ, குளிர் ஒத்துக்கொண்டதோ?” என்று கேட்டிருக்கிறா. பெரியம்மா நீங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னா. நானும் அங்கேதான் இருந்தேன், உள் அறையில் பிளவுஸ் துணி வெட்டிக்கொண்டு.

“அதையேன் கேக்கிறியள் றோசா, பிள்ளை முப்பத்தொரு நாள் படுக்கையில கிடந்தவள். ஆசுப்பத்திரிக்கும் கொண்டுபோகேல்லை. வீட்டுக்குள்ளயே வைச்சுக் கை மருந்து குடுத்துச் சுகப்படுத்தினவை.”

நான் வெளியே வருவதற்குள் மாமி எழும்பிவிட்டா. தேத்தண்ணி பாதிக் கோப்பையில் இருந்தது.

கல்யாணமாகாத பிள்ளை. வெளிநாடு. ஒரு மாதப் படுக்கை. டொக்டர் இல்லை. வீட்டுக்குள்ளேயே கை மருந்து. நீங்களே அந்தக் கோர்வையை வாசித்துப் பாருங்கள், அக்கா. சிலர் நரம்பு என்கிறார்கள். சிலர் வேறு என்கிறார்கள். வேறு என்கிறவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள், ஆகவே எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கிறது.

நான் அன்றே பெரியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “எனக்குத் தெரியாதே மோனை, ஜொய்சி சொல்லச் சொன்னதைத்தானே சொன்னனான்” என்று அழுதா. அவவில் பிழை இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் ஸ்ரனிஸ்லாஸ் படலையடியில் வந்து நின்றார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. “நான் நம்பேல்லை” என்றார். பிறகு, “ஆனா அம்மா சாப்பிடுறா இல்லை” என்றார். சைக்கிள் மணியை ஒரு விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். 

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். வேறு இரண்டு சோடி. எங்கள் பேர் இல்லை. கோயிலில் அவ்வளவு சனமும் காத்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது. சுவாமி தாளை மடித்தபிறகு எல்லாரும் எழும்பினார்கள், அப்பா மட்டும் முழங்காலிலேயே இருந்தார். நான் தோளில் தொட்டுத்தான் எழுப்பினேன்.

நீங்கள் இப்போதாவது எழுதுங்கள். பட்டத்துக்காகக் கேட்கவில்லை. அதைத் திருப்பிச் செய்வேன். நான் அந்த முப்பத்தொரு நாளும் யாரைத் தூக்கி வைத்திருந்தேன் என்று எழுதுங்கள்.

றொஷினி


லவால்
2004 மார்ச் 14

றொஷினி,

உன் கடிதம் வந்த அன்றே அம்மாவுக்கு எடுத்தேன்.  அம்மா றிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டா. ரெலிபோன் கடைக்காரர்தான் பிறகு எடுத்து, “அம்மா போயிட்டா, தங்கச்சி” என்றார்.

இதை ஷொப்பிங் சென்ரரின் கார் தரிப்பிடத்தில் இருந்து எழுதுகிறேன். டினோஜன் பின்சீற்றில் நித்திரை. வீட்டில் இருந்து எழுத முடியாது.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மே மாதம் கார்டெரியில் இருந்து கடிதம் வந்தது. பகலில் பிள்ளையைப் பார்க்கிற இடம், எங்கள் தெரு முனையிலேயே. ஒன்றரை வருடமாகப் பேர் பதிந்து காத்திருந்தது, அவன் பிறக்கிறதுக்கு முதலே போய்ப் பதிந்தேன். இடம் இருக்கிறது, திங்கட்கிழமையில் இருந்து கொண்டுவரலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். ஒரு பெண், எட்டுக் குழந்தைகள். ஒன்று அழுகிறது, ஒன்றுக்கு மூக்கு ஒழுகுகிறது. எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இவருக்கும் சொல்லவில்லை. நீ இருந்தாய்தானே. மே மாதத்துக்குப் பிறகு போட்ட M எல்லாம் ஆள் இல்லாமல் வந்ததில்லை. ஆள் வேண்டாம் என்று சொல்லி வந்தது.

நீ வருகிறதுக்கு மூன்று கிழமைக்கு முதல் அவனுக்கு மூச்சு முட்டியது உனக்குத் தெரியும். தெரியாதது, அப்போது நான் வீட்டில் தனிய இருந்தேன் என்பது. இவர் டவுன்டவுன் சாப்பாட்டுக்கடையில், குசினியில் ரெலிபோன் எடுக்க மாட்டார்கள். பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டு வருகிறது, எனக்கு அம்புலன்சுக்கு ஒன்பது ஒன்று ஒன்று என்று மூன்று இலக்கம் அழுத்தக் கை வரவில்லை. பக்கத்து வீட்டுக் கெயிட்டி நாட்டுக் கிழவர்தான் என் சத்தம் கேட்டு ஓடிவந்து எடுத்தார். அதற்குப் பிறகு அவன் ஆரின் கையில் இருந்தாலும் எனக்கு மூச்சு விட முடிவதில்லை, என் கையில் இருந்தாலும்தான். உன் கையில் இருந்தால் மட்டும் முடிந்தது. அதை உனக்குச் சொல்லியிருக்கலாம். கேட்டிருக்கலாம். கேட்டால் நீ மறுக்கக்கூடும் என்று கேட்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதிவிடுகிறேன். நானும் கெமிஸ்ட்ரி படித்தவள். நான் இங்கே மருந்துப் போத்தலுக்கு லேபல் ஒட்டுகிறேன். உன் வெள்ளைக் கோட்டைத் தோய்த்துக் காயப்போடும்போது எனக்கு எரிச்சல் வந்த நாட்கள் உண்டு. சில காலைகளில் அவனுக்குக் காய்ச்சலே இல்லை, றொஷினி. நெற்றியைத் தொட்டுவிட்டு இருக்கிறது என்றேன்.

இதற்குள் இரண்டு பக்கம் இருக்கிறது. ஒன்று பிரெஞ்சில், ஒன்று ஆங்கிலத்தில். நொத்தாரிசு முன்னிலையில் சத்தியம் செய்து கையெழுத்து வைத்திருக்கிறேன். றொஷினிக்கு ஒரு வருத்தமும் வரவில்லை, முப்பத்தொரு நாளும் என் மகனைத் தூக்கி வைத்திருந்தாள், தொலைபேசியில் பொய் சொன்னது நான், பேராதனைக்குப் பொய் எழுதினதும் நான். மதாமுக்கும் ஒரு பிரதி போட்டுவிட்டேன்.

இவருக்கு நேற்றுத் தெரிந்தது. “கொம்மா இனி வந்த மாதிரித்தான்” என்றார். 

றோசா மாமியிடம் கொண்டுபோய்க் கொடு. பிந்தி எழுதுகிறேன் என்று தெரியும்.

ஜொய்சி


மன்னார்
2004 ஏப்ரல் 20

ஜொய்சி அக்காவுக்கு,

உங்கள் இரண்டு பக்கமும் பெரிய வெள்ளிக்கு முதல் நாள் கிடைத்தன.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து பெரியம்மாவும் நானும் றோசா மாமி வீட்டுக்குப் போனோம். இருக்கச் சொன்னா, தேத்தண்ணி தந்தா. ஆங்கிலப் பக்கத்தை ஸ்ரனிஸ்லாஸ்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வாசித்தார்.  பெரியம்மா, “நான் சொன்னது பிழை றோசா, பிள்ளைக்கு ஒரு வருத்தமும் வரேல்லை” என்று கையெடுத்துக் கும்பிட்டா.

மாமி கோபிக்கவில்லை. யோசித்துவிட்டு, பெரியம்மாவைப் பேர் சொல்லி மெதுவாகத்தான் கேட்டா.

“முதல் படுக்கையில கிடந்தவள் எண்டியள். இப்ப இல்லையெண்டுறியள். கலியாணம் குழம்பினாப் பிறகு கதையை மாத்தினால், சிசிலி, ஆர் நம்புவினம்?”

அக்கா, உங்கள் வீட்டுச் சட்டம் கனடாவில் மட்டும் இல்லை. இங்கேயும் அதேதான். முதல் சொன்னது நிற்கிறது. இரண்டாவது, சத்தியம் செய்து முத்திரை குத்தியிருந்தாலும், மாற்றிச் சொன்னதுதான்.   மாமி தாளை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, என்னிடம் திருப்பித் தந்தா. வைகாசியில் ஸ்ரனிஸ்லாசுக்கு வேறிடத்தில் ஓலை வாசிக்கிறார்களாம். படலையடிமட்டும் வந்து வழியனுப்பினார். அவ்வளவுதான்.

மே மூன்றாம் திகதி வவுனியாவில் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகிறேன், ஆறு மாதப் பயிற்சியைத் திருப்பிச் செய்ய. தங்குவதற்கு அறை தருகிறார்கள். அங்கே எனக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை, விசாரித்துவிட்டேன்.

மே மாதத்துக் கார்டெரிக் கடிதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். காய்ச்சல் இல்லாத காலைகளைப் பற்றியும். அவற்றை நான் மன்னித்தேன் என்று இன்றைக்கு எழுத முடியாது. எழுதினால் அதையே கடைசிமட்டும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் இல்லையா?

ஆங்கிலப் பக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன், கம்பசுக்குக் கொடுக்க. பிரெஞ்சுப் பக்கத்தை இதற்குள் திருப்பி அனுப்புகிறேன். இங்கே அதை வாசிக்க ஆள் இல்லை. அங்கே ஒருவன் வளர்கிறான். இன்னும் ஆறேழு வருடத்தில் முதல் நற்கருணை எடுப்பான். ஞானத்தாய் ஏன் வரவில்லை என்று கேட்பான். அவனுக்கு இதுவரைக்கும் ஒருவரும் ஒரு கதையும் சொல்லவில்லை. அந்த நாள் இந்தப் பக்கத்தை அவன் கையில் கொடுங்கள். பிரெஞ்சு அவனுக்கு நன்றாக வரும், தானே வாசிப்பான். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

றொஷினி